ஓடுற படமும் நின்னுபோன பென்ஷனும்

முதல்லயே ஒரு டிஸ்கி. நான் பொட்டி தட்டுற ஆள் இல்லை. பி.காம். படிச்சுட்டு வங்கியில லெட்ஜர் பார்த்து வளர்ந்த ஆள். பதினோரு வருஷமா நாக்பூர் வாசம். அதனால "உனக்கென்னய்யா தெரியும் ஜாவாஸ்கிரிப்ட் பத்தி?"ன்னு கேட்கிறவங்க தாராளமா கேட்கலாம். தெரிஞ்சது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வெச்சுத்தான் இன்னிக்குச் சண்டை.

சண்டை யாரோட? ஒரு வலைத்தளத்துக்குள்ள நுழைஞ்சதும் தலைமாட்டுல அகலமா ஒரு படம் வந்து நின்னு, அதைப் படிக்கத் தொடங்குறதுக்குள்ள நழுவி அடுத்த படம் வருதே, அதோட. நாம ஸ்லைடுஷோன்னு சொல்வோம். இப்ப உள்ள பசங்க கரோசல்ங்கிறாங்க. ராட்டினம்னு அர்த்தமாம். பொருத்தமான பேர்தான், தலை சுத்துது.

"இதெல்லாம் ஒரு விஷயமா, இதுக்கு ஒரு பதிவா"ன்னு நானும் ஒரு காலத்துல நினைச்சவன்தான். 2023 டிசம்பர் வரைக்கும்.

எங்க கீழ் வீட்டுல ஒரு மராட்டிக் காகா இருக்கார். வயசு எழுபத்தாறு. ஒரு பெரிய நிறுவனத்துல முப்பத்தஞ்சு வருஷம் உழைச்சு ரிட்டயர் ஆனவர். நிறுவனத்தோட பேர் இங்க வேண்டாம். காக்குவுக்குச் சர்க்கரை, பிரஷர், மாசா மாசம் மருந்துக்கடை பில்லே கணிசமா வரும். எல்லாம் அந்தப் பென்ஷன்லதான். பென்ஷன் வாங்குறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை "நான் இன்னும் உயிரோட இருக்கேன்"னு நிரூபிக்கணும், லைஃப் சர்டிஃபிகேட். மத்திய அரசு பென்ஷன்காரங்களுக்கு நவம்பர் மாசம். 80 வயசு தாண்டினவங்க அக்டோபர் 1-ல இருந்தே கொடுக்கலாம். காகாவோட நிறுவனத்துக்கும் நவம்பர்தான் கணக்கு. வருஷா வருஷம் ஒரு ஆபீசுக்கு நேர்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு, வர்ற வழியில சந்த்ரா பர்ஃபி வாங்கிட்டு வருவார். (நாக்பூர் ஆரஞ்சு பர்ஃபி சாப்பிடாதவங்க பாவப்பட்ட ஜென்மங்கள். அது தனிப் பதிவு.)

அந்த வருஷம் இடத்தை மாத்திட்டாங்க. பழைய ஆபீஸ்ல வாங்க மாட்டோம், வேற ஒரு இடத்துல, இன்ன தேதிக்குள்ள கொடுக்கணும்னு அறிவிப்பு. அறிவிப்பை எங்க போட்டாங்க? வலைத்தளத்துல. வலைத்தளத்துல எங்க? முகப்புல ஓடுற ஆறு படத்துல அஞ்சாவது படத்துல. படத்துக்கு மூணு செகண்டு. முதல் படம் தலைவர் மரம் நடுறது. ரெண்டாவது தலைவர் குத்துவிளக்கு ஏத்துறது. மூணாவது யோகா தினம். நாலாவது ஏதோ விருது. அஞ்சாவதுலதான் நம்ம காகாவோட சோறு. அதுவும் எழுத்தா இல்லை. நோட்டீசை ஸ்கேன் பண்ணிப் படமாவே ஒட்டியிருந்தாங்க.

காகாவுக்கு ஒரு கண்ணுல கேட்டராக்ட் ஆபரேஷன் ஆச்சு, இன்னொண்ணு பாக்கி. போன்ல எழுத்தைப் பெருசாக்கித்தான் படிப்பார். அவர் ரெண்டு விரலை வெச்சு விரிக்கிறதுக்குள்ள அஞ்சாவது போய் ஆறாவது வந்துடும். ஆறாவது புத்தாண்டு வாழ்த்து. திரும்ப மரம், திரும்ப விளக்கு. "ஏதோ எழுத்து வருது பேட்டா, ஆனா நிக்க மாட்டேங்குது"ன்னு என்கிட்ட ஒரு நாள் சொல்லியிருக்கார். வருஷக் கடைசி நெருங்குது, ஆணி ஏகப்பட்டது, "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம் காகா"ன்னு சொல்லிட்டுப் படி ஏறிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை வரவே இல்லை. இந்தக் குத்தத்துல என் பங்கும் இருக்கு, மறைக்கலை.

டிசம்பர் பென்ஷன் வரலை. ஜனவரியும் வரலை. காக்குவோட மருந்துக்கு மகன்கிட்ட கை நீட்ட வேண்டியதாப் போச்சு. அந்த மனுஷன் யார்கிட்டயும் அஞ்சு ரூபா கடன் வாங்காதவர். பிப்ரவரியில அரியரோட வந்துடுச்சு, வராம இல்லை. ஆனா "நான் உயிரோட இல்லைன்னு எழுதிட்டாங்களா?"ன்னு அவர் கேட்டப்ப பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை.

சரி, இந்தப் படங்க ஏன் ஓடுது? தொழில்நுட்பக் காரணம்னு நினைச்சீங்கன்னா ஏமாந்தீங்க. ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு இது பார்த்ததும் புரியும். முகப்புப் பக்கம் ஒண்ணு, இலாகா ஏழு. ஒவ்வொருத்தருக்கும் தன் சமாச்சாரம்தான் முதல்ல வரணும். யாருக்கும் "உன்னோடது வேணாம்"னு சொல்ற தைரியம் மேல இருக்கிறவருக்குக் கிடையாது. அதனால எல்லாத்தையும் போடு, ஓட விடு! எந்தக் கணக்குல சேர்க்கிறதுன்னு தெரியாத பணத்தை நாங்க சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டு வைப்போம். முகப்புப் பக்கத்தோட சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான் இந்த ஸ்லைடுஷோ. என்ன வித்தியாசம்னா, எங்க சஸ்பென்ஸ் என்ட்ரி நாள் கணக்கா நின்னா ஆடிட்டர் வந்து கழுத்தைப் பிடிப்பார். இதைக் கேட்க நாதி இல்லை.

போட்டவங்களுக்காவது பிரயோஜனம் உண்டா? அமெரிக்காவுல நோட்ரடேம் பல்கலைக்கழகத்தோட தளத்தைப் பார்த்துக்கிட்ட எரிக் ரன்யன்ங்கிறவர் 2013-ல தன் தளத்துக் கணக்கை எடுத்து வெளியிட்டார். வந்தவங்கள்ல சுமார் 1 சதவீதம் பேர்தான் அந்தப் பெரிய படத்தைச் சொடுக்கியிருக்காங்க. அந்த 1 சதவீதத்துலயும் ரொம்பப் பெரும்பாலானவங்க சொடுக்கினது முதல் படத்தை. அஞ்சாவது படத்துல போடுறதும் கிணத்துல போடுறதும் ஒண்ணுதான்னு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி. 2001-ல டிகிரி முடிச்ச கையோட எங்க ஊர் கம்ப்யூட்டர் சென்டர்ல மூணு மாசம் ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் படிச்சேன். அப்ப எழுத்தை ஓட விட மார்க்கீன்னு ஒரு டேக், கண் சிமிட்ட வைக்க பிளிங்க்குன்னு ஒரு டேக். சென்டர்ல சேர்ந்த அத்தனை பேரும் முதல் வாரமே தன் பேரை ஓட விட்டுப் பார்த்துப் பூரிச்சுப் போவோம். பிளிங்க் செத்துடுச்சு, ஃபயர்ஃபாக்ஸ்லயே 2013-ல தூக்கிட்டாங்க. மார்க்கீயைத் தரப்பட்டியல்ல இருந்து நீக்கியாச்சு, ஆனாலும் உலாவிங்க இன்னும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கு, நம்ம ஊர்த் தளங்களும் விடுறதா இல்லை. நடுவுல ஃப்ளாஷ்ல ஸ்லைடுஷோ பண்ணினாங்க. 2020 டிசம்பர் 31-ஓட அடோபி ஃப்ளாஷை மூடினப்ப அதெல்லாம் வெறும் சாம்பல் கட்டமாச்சு. ஆனா அந்த சென்டர்ல வாத்தியார் சொல்லிக் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் ஸ்லைடுஷோ இருக்கு பாருங்க, அது இன்னிக்கும் ஓடும். ஒரு எழுத்து மாத்த வேணாம்.

ஏன்னா அதுல ஒண்ணுமே இல்லை. படங்களோட பட்டியல் ஒண்ணு. இப்ப எத்தனாவதுல நிக்கிறோம்னு ஒரு எண். அந்த எண்ணைப் பார்த்து, பக்கத்துல இருக்கிற இமேஜ் டேக்கோட முகவரியை மாத்துற ஃபங்ஷன் ஒண்ணு. முந்தையது, அடுத்ததுன்னு ரெண்டு பட்டன். தீர்ந்தது.

நெளிவு சுளிவு ரெண்டே இடத்துலதான். பட்டியல் 0-ல தொடங்கும். நாலு படம்னா 0, 1, 2, 3. மூணுக்கு அடுத்து நாலுன்னு போனா அங்க படம் கிடையாது, கோவிந்தா. அதனால ஒண்ணைக் கூட்டி, மொத்தப் படங்களோட எண்ணிக்கையால வகுத்து, மீதியை எடுத்துக்கணும். 4-ஐ 4-ஆல வகுத்தா மீதி 0, முதல் படத்துக்கு வந்துட்டோம். இந்த மீதிக்கு ஜாவாஸ்கிரிப்ட்ல என்ன குறி தெரியுமா? %. வட்டிக் கணக்கு போட்டே பொழைக்கிறவன் முன்னால இந்தக் குறியைக் காட்டி "இது சதவீதம் இல்லை, மீதி"ன்னா எப்படி இருக்கும்? ரெண்டு நாள் தூங்கலை நான்.

பின்னால போறதுல ஒரு குழி இருக்கு. 0-ல இருந்து 1 கழிச்சா -1. கணக்கு வாத்தியாரைக் கேட்டா -1-ஐ 4-ஆல வகுத்தா மீதி 3ம்பார். பைதானும் அதையே சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் -1-னே திருப்பிக் கொடுக்கும், படம் காணாமப் போகும். கழிச்சதும் மொத்த எண்ணிக்கையை ஒரு தடவை கூட்டிட்டு அப்புறம் மீதி எடுத்தா சரியாயிடும்.

ரெண்டாவது இடம், தானா ஓட வைக்கிற செட்இன்டர்வல். 3000-ன்னு கொடுத்தா மூணு செகண்டுக்கு ஒரு தடவை ஃபங்ஷனைக் கூப்பிடும். கூப்பிடும்போதே ஒரு எண்ணையும் கையில கொடுக்கும். அதை பத்திரமா வெச்சுக்கணும். ஸ்டாப் பேமென்ட் கொடுக்க செக் நம்பர் வேணும்ல, அதே கதை. ஓடுற பட்டனை ஒருத்தர் ரெண்டு தடவை அழுத்திட்டா ரெண்டு டைமர் உருவாகிடும், பழைய எண் மேல புது எண் உட்கார்ந்துடும், முதல் டைமரை யாராலயும் நிறுத்த முடியாது. படம் பைத்தியம் பிடிச்ச மாதிரி தாவும். புதுசு தொடங்குறதுக்கு முன்னால பழசை நிறுத்தணும், ஒரே ஒரு வரி. இதெல்லாம் சேர்த்து இருபது, இருபத்தஞ்சு வரி தேறும்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாச் சொல்றேன்னா, நிறுத்துற பட்டன் வைக்கிறது பெரிய வித்தைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு வரி. காகாவோட ரெண்டு மாசப் பென்ஷனோட விலை ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட். அதை எழுதாதவருக்கு டெண்டர் விட்டுக் காசு கொடுத்திருக்காங்க.

அதுவும் அவர் இஷ்டப்பட்டா வைக்கிற விஷயம் இல்லை. வலைத்தளங்களை எல்லாரும் பயன்படுத்துற மாதிரி செய்யிறதுக்கு டபிள்யூ3சி விதிமுறை வெச்சிருக்கு. 2008 டிசம்பர்லயே வந்தது. தானா ஓடத் தொடங்கி, அஞ்சு செகண்டுக்கு மேல நீடிச்சு, மத்த விஷயங்களுக்குப் பக்கத்துல ஓடுற எதையும் நிறுத்தவோ மறைக்கவோ வழி கொடுக்கணும்னு சொல்லுது. மூணு படிகள்ல இது அடிமட்டப் படி, 'ஏ'. படத்துக்கு மாத்து எழுத்து வைக்கணும்ங்கிறதும் அதே படி. அது இருந்தாத்தானே பார்வை இல்லாதவங்களுக்கு ஸ்க்ரீன் ரீடர் வாசிச்சுக் காட்டும்? ஸ்கேன் பண்ணின நோட்டீசை ஒட்டினா அது என்னத்தை வாசிக்கும்? நம்ம அரசாங்கமும் 2009-ல அரசுத் தளங்களுக்குன்னு வழிகாட்டி போட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல வந்தது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு, டிஜிட்டல் வசதியை அணுகுறது அரசியலமைப்பு 21-ஆம் பிரிவுல இருக்கிற உயிர்வாழும் உரிமையோட ஒரு பகுதின்னு. அந்த வழக்கு எங்க தொழில் சம்பந்தப்பட்டது. ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டு கண் இமைக்க முடியாதவங்ககிட்ட, கேஒய்சிக்கு "கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு"ன்னு கேட்டிருக்கு மென்பொருள். அதைப் படிச்ச அன்னிக்கு என் கேபின்ல ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேரை நாங்களும் இப்படித் திருப்பி அனுப்பியிருப்போம்?

அடுத்த சண்டை பொட்டி தட்டுறவங்களோட. கோவிக்காதீங்க மக்கா.

இங்க பத்துப் பதினஞ்சு தமிழ்க் குடும்பம் சேர்ந்து வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறோம். அந்தப் படங்களைப் போட ஒரு சின்னப் பக்கம். வேலை என் தலையில விழுந்தது. தங்கமணியோட அண்ணன் மகன் புனேல பெரிய கம்பெனியில இருக்கான், அவன்கிட்ட யோசனை கேட்டேன். "ரியாக்ட் போடுங்க மாமா, அதுக்கு ஒரு கரோசல் பேக்கேஜ் இருக்கு, இன்ஸ்டால் பண்ணினாப் போதும்"னான். பண்ணினேன். நாப்பது படம் காட்டுறதுக்கு என் லேப்டாப்ல ஆயிரக்கணக்கான கோப்பு வந்து இறங்குச்சு. "இதுல எது என்னப்பா படத்தை மாத்துறது?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் நாம பார்க்க வேண்டாம் மாமா"ங்கிறான்.

எங்க தொழில்ல பார்க்காம கையெழுத்துப் போட்டா சார்ஜ்ஷீட். 2016 மார்ச்சுல லெஃப்ட்பேட்ன்னு பதினோரு வரி நிரலை அதை எழுதினவர் என்பிஎம் கிடங்குல இருந்து எடுத்துட்டார். எழுத்துக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கிறது மட்டும்தான் அதோட வேலை. உலகம் பூரா எத்தனையோ திட்டங்கள் அன்னிக்கு நின்னு போச்சு. அது விளையாட்டு. 2024 ஜூன்ல நடந்தது விளையாட்டு இல்லை. பழைய உலாவிகளுக்கு உதவுற பாலிஃபில் சேவையோட டொமைன் அந்த வருஷம் ஒரு சீனக் கம்பெனி கைக்குப் போச்சு. அதை ஒரு வரியில இழுத்துப் போட்டிருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் வழியா, வந்தவங்களை வேற எங்கெங்கயோ தள்ளிவிட்டாங்க. சாவியை யார்கிட்ட கொடுத்தோம்னே தெரியாம ஸ்ட்ராங் ரூம் நடத்துற கதை.

மருமகனுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாம விட்டா அது எனக்கு அழகில்லை. நல்ல நூலகங்கள்ல கீபோர்டுல அம்புக்குறி அழுத்தினா நகர்றது, விரலால தள்ளினா நகர்றது, ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்லிக் கொடுக்கிறது எல்லாம் பல பேர் சோதிச்சுப் பார்த்துச் சேர்த்திருப்பாங்க. என் இருபத்தஞ்சு வரியில அதெல்லாம் நானா யோசிச்சு வெச்சாத்தான் வரும். நூறு பேர் வேலை செய்யற பெரிய தளத்துக்கு அவங்க வழி சரியா இருக்கலாம். ஆனா விரலால தள்ளுறதுக்கு இப்ப ஜாவாஸ்கிரிப்டே வேண்டியதில்லை. படங்களை ஒரு வரிசையா வெச்சு, சிஎஸ்எஸ்ல ஸ்க்ரோல் ஸ்நாப்னு கொடுத்தா ஒவ்வொரு படத்துலயும் கச்சிதமா வந்து நிக்கும். பட்டனை உண்மையான பட்டன் டேக்ல வெச்சா கீபோர்டு தானா வேலை செய்யும். டிவ்வுக்கு வேஷம் கட்டிப் பட்டனாக்கினாத்தான் வம்பு. இதை எந்த யூடியூப் வாத்தியாரும் முதல்ல சொல்றதில்லை. முதல் பாடத்துலயே பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணச் சொல்றார். கூட்டல் கழித்தல் தெரியாத பையன் கையில டேலி சாஃப்ட்வேரைக் கொடுத்து அக்கவுண்டன்ட்ங்கிறோமே, அந்த வம்சம்.

"படம் ஓடினாத்தான் சார் பக்கம் உயிரோட இருக்கும்"னு என் மேலதிகாரி ஒருத்தரே சொன்னார். கல்யாண மண்டபத்துல சீரியல் செட் போடுற மனசு அது. சிலருக்கு நகர்ற திரையைப் பார்த்தாலே தலை சுத்தி வாந்தி வரும், உள்காதுக் கோளாறு. அவங்க போன்ல "அசைவைக் குறை"ன்னு ஒரு செட்டிங் வெச்சிருப்பாங்க. அதை உங்க பக்கம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டாம இருக்கலாம், அதுவும் ஒரு வரிதான். எத்தனை பேர் கேட்கிறாங்க?

நான் கடைசியில பொங்கல் பக்கத்தைக் கையால எழுதினேன். மூணு ராத்திரி ஆச்சு. ரெண்டு ராத்திரி அந்த -1-க்கே போச்சு. போன்ல எடுத்த படம் ஒவ்வொண்ணும் நாலஞ்சு எம்பி, அப்படியே ஏத்தினா கிராமத்துல இருக்கிற எங்கம்மா பார்க்கிறதுக்குள்ள அடுத்த பொங்கல் வந்துடும். அகலம் 1200 புள்ளிக்குச் சுருக்கி, ரெண்டு மூணு நூறு கேபிக்குள்ள கொண்டு வந்தேன். அடுத்த படத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைக்கும், மத்தது கேட்டாத்தான் வரும். தானா ஓடாது. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் யார் யார் நிக்கிறாங்கன்னு எழுத்துல இருக்கும். மருமகன் பார்த்துட்டு "ரொம்பப் பழைய ஸ்டைல் மாமா"ன்னான். அம்மா ஒவ்வொரு படமா நிறுத்தி, பேத்தியோட பட்டுப்பாவாடையைப் பெருசாக்கிப் பார்த்து, "கீழ ஏன்டா கிழிஞ்சிருக்கு?"ன்னு போன் பண்ணினாங்க.

காகாவோட நிறுவனத்துக்கு அவர் சார்பா நான் மூணு மெயில் போட்டேன். அறிவிப்பை முகப்புல சாதாரண எழுத்துல, தேதியோட, நகராம போடுங்கன்னு மட்டும்தான் கேட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு தானியங்கிப் பதில் மூணு தடவை வந்தது. 2024, 2025 ரெண்டு நவம்பரும் நானே காகாவைக் கூட்டிட்டுப் போய்ச் சர்டிஃபிகேட் கொடுத்துட்டு வந்தேன். பர்ஃபியும் வாங்கினோம். போன வாரம் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். இப்ப ஏழு படம் ஓடுது.

பி.கு.: கையால எழுதிப் பார்க்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டேபை மாத்திட்டு வேற வேலை பார்த்தீங்கன்னா, மறைஞ்சிருக்கிற டேப்ல உலாவிங்க டைமரை மெதுவாக்கிடும். திரும்பி வந்து பார்த்து "கணக்கு டேலி ஆகலையே"ன்னு என்னை மாதிரி அர்த்தராத்திரியில தலையைப் பிச்சுக்காதீங்க. நிரல்ல தப்பு இல்லை.